ராக் கச்சேரியைப் படம் பிடிக்கணும்: மிக்சர் லைன் எடுத்தும் ட்ரம்ஸ் ஏன் காணாமல் போகுது?

ஆறாந்தந்தி:

தியேட்டரில் கச்சேரிப் படம் பார்த்தால் கிக் ட்ரம் நெஞ்சில் இடிக்குது, கிட்டார் ரெண்டும் இடம் வலம்னு பிரிஞ்சு கேட்குது. நம்ம ஊர் பேண்ட்கள் போடற லைவ் வீடியோவில் பாடகர் காதுக்குள்ள வந்து பாடறார், ட்ரம்ஸ் பக்கத்துத் தெருவில் அடிக்கிற மாதிரி இருக்கு. மிக்சரிலிருந்து நேரா லைன் எடுத்தாலும் இதே கதைதான். ஏன்?

எங்க கணக்கு இது. சென்னையில் 300 சீட் ஹால். ட்ரம்ஸ், பேஸ், ரெண்டு கிட்டார். கிட்டார்காரர்கள் ரெண்டு பேரும் பாடுவாங்க. 90 நிமிட நிகழ்ச்சி. ஹாலில் எக்ஸ்32 டிஜிட்டல் மிக்சர் இருக்கு. கேமரா மூணு: மிரர்லெஸ் ரெண்டு, ஃபோன் ஒண்ணு. மேடைக்குப் பின்னாடி எல்இடி திரை.

இன்னொண்ணு, இது என் தனிப்பட்ட எரிச்சல். சோலோ உச்சத்துக்குப் போகும்போது கூட்டத்தில் கை தூக்கறவங்களைக் காட்டற படங்கள் எனக்குப் பிடிக்கிறதில்லை. கூட்டத்தைக் காட்டாமலே எடுத்தா செத்த வீடு மாதிரி ஆயிடுமா?

கன்சோல் மூலை:

மிக்சரில் தப்பில்லை, அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. 300 சீட் ஹாலில் ஸ்நேரும் (ட்ரம்ஸில் ‘சளார்’ என்று அடிப்பது) சிம்பலும் கிட்டார் ஆம்பும் மேடையிலிருந்தே கடைசி வரிசை வரை போய்விடும். சவுண்ட் இன்ஜினியர் ஸ்பீக்கர் வழியாக அனுப்புவது ஹாலில் எது குறைகிறதோ அதை மட்டும்தான்: பாடகர் குரல் நிறைய, கிக் கொஞ்சம், கிட்டார் சொட்டு. நீங்கள் மெயின் அவுட்டிலிருந்து (ஹால் ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீடு) லைன் எடுத்தால் அந்தக் குறைநிரப்பு மட்டும்தான் கையில் வரும். மேடைச் சத்தம் அதில் கிடையாது. அதனால் அன்றைக்கே மிக்ஸ் செய்த ஒலியை எதிர்பார்க்காதீர்கள். தனித்தனி ட்ராக்காக வாரிக்கொண்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து கட்டுங்கள்.

உங்கள் பேண்டுக்கு 13 ட்ராக் போதும். ட்ரம்ஸில் கிக், ஸ்நேர், டாம் 2, ஓவர்ஹெட் (ட்ரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்) 2. பேஸுக்கு டிஐ (கிட்டாரை மைக் இல்லாமல் நேராக மிக்சரில் இணைக்கும் பெட்டி) ஒன்று. கிட்டார் ஆம்ப் 2, குரல் 2, ஆடியன்ஸ் மைக் 2.

எக்ஸ்32-வின் முன்னால் இருக்கும் யுஎஸ்பி ஓட்டையில் பென்டிரைவ் செருகினால் ஸ்டீரியோ மட்டும்தான் பதிவாகும். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பின்பக்க அட்டை வழியாக லேப்டாப்புக்கு 32 ட்ராக் போகும். எக்ஸ்-லைவ் அட்டை இருந்தால் லேப்டாப்பே வேண்டாம், எஸ்டி கார்டிலேயே எழுதிக்கொள்ளும். ஆனால் 32 ட்ராக்கும் எழுதினால் 90 நிமிடத்துக்குச் சுமார் 33 ஜிபி. அதாவது 32 ஜிபி கார்டு ஒன்று போதாது, இரண்டு இடத்திலும் கார்டு போடுங்கள். 16 ட்ராக் என்று வைத்தால் பாதிதான் ஆகும், உங்களுக்கு அதுவே தாராளம். சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ்.

சிக்னலை ப்ரீஆம்ப்பை (மைக் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) அடுத்து, ஃபேடருக்கு (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) முன்னாலேயே எடுக்க வேண்டும். அப்போதுதான் இன்ஜினியர் ஃபேடரை இறக்கினாலும் உங்கள் பதிவு அசையாது. ப்ரீஆம்ப்பின் கெயினைத் திருகினால் மட்டும் பதிவும் சேர்ந்து ஆடும். நடுவில் கெயினைத் தொட வேண்டாம் என்று அவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சவுண்ட் செக்கில் உச்சம் −12 டெசிபலைத் தாண்டக் கூடாது. கூட்டம் வந்து உட்கார்ந்ததும் ட்ரம்மர் 3 முதல் 6 டெசிபல் கூட்டித்தான் அடிப்பார், அது மனித இயல்பு.

ஆடியன்ஸ் மைக்கை மேடையின் இரண்டு முன் மூலைகளிலும் வைத்துக் கூட்டத்தைப் பார்க்கத் திருப்புங்கள். மெயினுக்கோ மானிட்டருக்கோ (மேடையில் கலைஞர்கள் கேட்கும் ஸ்பீக்கர்) அனுப்பவே கூடாது, ஸ்பீக்கர் விசில் அடித்துவிடும். மிக்ஸில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, பாட்டு ஓடும்போது அடியில் லேசாக வைத்து, பாட்டு முடிந்ததும் 6 டெசிபல் ஏற்றினால் ஹால் உயிரோடு இருக்கும். ஸ்டூடியோ ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) எதைப் போட்டாலும் அந்த இரண்டு மைக்குக்கு ஈடாகாது.

தியேட்டர் இடி பற்றி. அங்கே சப்வூஃபர் இருக்கிறது, ஃபோனில் இல்லை. கிக்கில் 60 ஹெர்ட்ஸ் பக்கத்து அடியோடு 3, 4 கிலோஹெர்ட்ஸில் வரும் பீட்டரின் (மிதித்தால் தோலை அடிக்கும் சுத்தியல்) ‘டிக்’கும் பதிவாக வேண்டும். ஃபோனில் கேட்பவருக்குக் கிக் என்பதே அந்த ‘டிக்’தான். மைக்கை ட்ரம்முக்குள் விட்டு பீட்டர் அடிக்கும் தோலை நோக்கி வைத்தால் கிடைக்கும். ட்ரம்மின் முன்தோல் ஓட்டைக்கு வெளியே வைத்தால் வெறும் ‘பூம்’தான்.

இருட்டு லென்ஸ்:

படத்தைப் பத்தி நான் சொல்றேன்.

மூணு கேமராவும் 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால பழைய விளக்குகள்ல சிமிட்டல் வராது. எல்இடி விளக்கு கதை வேற. வெளிச்சத்தைக் குறைக்க அது படுவேகமா அணைஞ்சு எரியும், அது கேமராவில் கறுப்புப் பட்டையா ஓடும். எவ்வளவு மங்கலா வைக்கிறாங்களோ அவ்வளவு மோசம். பத்து விளக்கை 10 சதவீதத்தில் எரிய விடறதுக்குப் பதிலா மூணு விளக்கை 40-ல் வைக்கச் சொல்லுங்க. சில விளக்குகளோட மெனுவில் சிமிட்டும் வேகத்தையே ஏத்தலாம், லைட்மேனுக்குத் தெரிஞ்சிருக்கும். சவுண்ட் செக் நேரத்தில் எல்லா லைட் க்யூவையும் ஒரு தடவை ஓட்டச் சொல்லி, பதிவு பண்ணி, லேப்டாப்பில் போட்டுப் பாருங்க. கேமராவோட குட்டித் திரையில் பட்டை தெரியாது.

நீல எல்இடி நேரா முகத்தில் விழுந்தா முகம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆயிடும். நீலம் மட்டும் உச்சத்தில் முட்டி நிக்கும், மூக்கு, கன்னம்னு எந்த விவரமும் இருக்காது. கலர் கரெக்‌ஷனில் அதை மீட்கவே முடியாது. முன்பக்கத்திலிருந்து வெள்ளை விளக்கு 30 சதவீதமாவது முகத்தில் இருக்கணும்னு கெஞ்சியாவது வாங்கிடுங்க. ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் எல்லாம் மேனுவல். புகை வந்தா ஆட்டோ ஃபோகஸ் அலையும், அதையும் அணைச்சிடுங்க. பின்திரையில் நெளிநெளியா கோடு வந்தா அப்பர்ச்சரைத் திறந்து திரையை ஃபோகஸுக்கு வெளியே தள்ளுங்க, இல்லேன்னா கோணத்தைக் கொஞ்சம் மாத்துங்க.

முதல் கேமரா மிக்சர் பக்கத்தில் ட்ரைபாடில். முழு மேடையும் தெரியணும், 90 நிமிடமும் யாரும் தொடக் கூடாது. மத்த ரெண்டும் என்ன சொதப்பினாலும் எடிட்டருக்கு ஓட இடம் இதுதான். ரெண்டாவது மேடை ஓரத்தில், ட்ரம்மரும் பேஸும். மூணாவதைக் கையில் பிடிச்சவர் மேடைக்குக் கீழே பாடகர் முகத்துக்கும் கிட்டார் கைக்கும் நடுவில் அலையலாம்.

4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் எடுத்தா 64 ஜிபி கார்டு 85 நிமிடத்தில் நிறைஞ்சிடும். உங்க நிகழ்ச்சி 90. சரியா கடைசிப் பாட்டு போயிடும்! 128 போடுங்க. பழைய மிரர்லெஸ் சிலது 29 நிமிடம் 59 நொடியில் தானா நிக்கும். ரெண்டு கேமராவையும் ஒரே நேரத்தில் ஆரம்பிச்சா ஒரே நேரத்தில் நிக்கும், அதனால பத்து நிமிட இடைவெளி விட்டு ஆரம்பிங்க. பெரிய ஆளுங்களுக்கே இது நடந்திருக்கு. 1976 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ விண்டர்லாண்ட் அரங்கில் ஹாலிவுட் இயக்குநர் ஸ்கார்செஸி ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ கச்சேரிப் படம் எடுத்தப்ப 35 எம்எம் ஃபிலிம், 1000 அடி ரீல் 11 நிமிடம்தான் ஓடும். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடினப்ப ஒரே ஒரு கேமராதான் ஓடிக்கிட்டிருந்தது. படத்தில் அந்தப் பாட்டு அவரைவிட்டு அதிகம் நகராததுக்கு அதான் காரணம். நல்லா அமைஞ்சது அவங்க அதிர்ஷ்டம், நாம நம்பக் கூடாது.

ஆறாந்தந்தி:

அருமை, ரெண்டு பேருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். வேற ஹாலில் 12 சேனல் அனலாக் மிக்சர்தான்னா என்ன பண்றது? அப்புறம், தப்பா வாசிச்ச இடத்தை வீட்டில் திரும்ப வாசிச்சு ஒட்டினா அது லைவா?

கன்சோல் மூலை:

அனலாக் மிக்சரில் காலியாக இருக்கும் ஆக்ஸ் (ஹால் மிக்ஸிலிருந்து தனியாகப் போகும் வெளியீடு) ஒன்றை ப்ரீ-ஃபேடரில் (ஃபேடர் அசைந்தாலும் மாறாதபடி) வைத்து அதைப் பதிவுக்கென்றே ஒதுக்குங்கள். ஹால் மிக்ஸுக்குத் தலைகீழாக, கிக், ஸ்நேர், ஆம்ப் எல்லாம் தூக்கலாக, குரல் அளவாக. ஹாலுக்கு மைக் போடாத கருவிக்கும் மைக் வையுங்கள், அந்தச் சேனலின் ஃபேடர் கீழே இருந்தாலும் ஆக்ஸில் வரும். ரெக்கார்டரில் லைன் இன்புட்டில் செருகுங்கள். மைக் இன்புட்டில் செருகினால் கெயினை அடியோடு குறைத்தாலும் கரகரக்கும். கூடவே ஒரு ஸ்டீரியோ கைரெக்கார்டரை மிக்சருக்கு முன்னால், தலைகளுக்கு மேலே, தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். பின்சுவரோடு ஒட்டினால் பேஸ் குமுறும். இரண்டையும் கலக்கும்போது ஹால் பதிவை முன்னே இழுக்க வேண்டும்: மேடையிலிருந்து 18 மீட்டர் என்றால் சுமார் 52 மில்லிசெகண்ட். இழுக்காவிட்டால் ஒவ்வொரு ஸ்நேர் அடியும் இரண்டாகக் கேட்கும்.

குரல் மைக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாடகருக்குப் பின்னால் ட்ரம்ஸ் இருந்தால் சிம்பல் முழுக்க அந்த மைக்கில்தான் இருக்கும். பாடாத இடங்களில் அதை முழுதாக ம்யூட் செய்தால் சிம்பலின் நிறமே மாறி மாறி ஒலிக்கும். 6 முதல் 8 டெசிபல் இறக்கினால் போதும்.

வெட்டுமேசை:

எடிட்டிங் பக்கத்தில் எல்லாரையும் குழப்புகிற ஒன்று: சாஃப்ட்வேர் தானாக ஒலியை ஒப்பிட்டுச் சேர்க்கும்போது தூரக் கேமரா தவறும். 18 மீட்டர் தள்ளி இருக்கும் கேமராவில் குச்சி விழுவது உடனே தெரியும், சத்தம் 52 மில்லிசெகண்ட் கழித்துத்தான் வரும். தாமதமான அந்தச் சத்தத்தை மிக்சர் ட்ராக்கோடு பொருத்தினால் படம் முந்திக்கொள்ளும். 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட், ஆகவே அந்தக் கேமராவை மட்டும் ஒரு ஃப்ரேம் பின்னால் தள்ளுங்கள். மேடைக்கருகே இருப்பவற்றைத் தொட வேண்டாம்.

அடுத்தது வழுக்கல். ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் துளி மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்றால்கூட 90 நிமிடத்தில் 108 மில்லிசெகண்ட். இரண்டு கருவி எதிரெதிர்த் திசையில் வழுக்கினால் 5 ஃப்ரேம் போய்விடும். முழு நிகழ்ச்சியையும் ஒரே அடியாகச் சேர்க்காமல் பாட்டுக்குப் பாட்டு சேருங்கள். ட்ரம்மர் குச்சியால் நாலு எண்ணுவது உங்களுக்கு இலவச க்ளாப். ஃபோன் பதிவில் ஃப்ரேம் வேகமே சீராக இருக்காது; 25-இல் பூட்ட விடும் கேமரா ஆப்பில் எடுத்து, எடிட் செய்யும் முன் நிலையான 25-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒட்டுவது பாவமில்லை. ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ படத்திலேயே பிறகு ஸ்டூடியோவில் வாசித்துச் சேர்த்த பகுதிகள் உண்டு. ஆனால் விரல் காட்டிக்கொடுக்கும். அதே பாட்டில் அதே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) சரியாக வந்த இடத்திலிருந்து எடுத்து ஒட்டுவதுதான் முதல் வழி. இரண்டு இரவு வாசிக்கிறீர்கள் என்றால் இரண்டு நாளும் ஒரே சட்டை, ஒரே கிட்டார் பட்டை. லெட் செப்பலின் குழுவினர் தங்கள் 1973 மேடிசன் ஸ்கொயர் கார்டன் கச்சேரிப் படத்தில் விட்டுப்போன இடங்களை 1974-இல் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் திரும்ப எடுத்தார்கள். அதற்குள் அவர்களின் பேஸ் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் முடி வெட்டியிருந்ததால் விக் வைக்க வேண்டியதாயிற்று.

கூட்டம் பற்றிய உங்கள் எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு. 1983 டிசம்பரில் ஹாலிவுட் பான்டேஜஸ் தியேட்டரில் டாக்கிங் ஹெட்ஸ் குழுவை வைத்து ஜானதன் டெம்மி எடுத்த ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ படம் கடைசிப் பகுதி வரைக்கும் கூட்டத்தின் முகத்தைக் காட்டுவதில்லை. யாருக்கும் குறை தெரியவில்லை. 1971-இல் இத்தாலியின் பொம்பெய் நகரத்துப் பழைய அரங்கில் பிங்க் ஃப்ளாய்ட் வாசித்ததில் கூட்டமே கிடையாது. கூட்டத்தின் சத்தம் இருந்தால் போதும், முகம் வேண்டியதில்லை. கூட்ட ஷாட் நிஜமாகத் தேவைப்படுவது ஒரே வேலைக்கு: இரண்டு நாள் பதிவை ஒட்டிய தையலை மறைக்க. சோலோவில் கையைவிட்டு நகராதீர்கள்; வெட்டினால் பாட்டின் சுற்று முடியும் இடத்தில் வெட்டுங்கள், ஒவ்வொரு அடிக்கும் வெட்டினால் கல்யாண ஹைலைட்ஸ் ஆகிவிடும்.

யூடியூபுக்கு என்று மிக்ஸை நசுக்கிச் சத்தம் ஏற்றாதீர்கள். −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) அளவுக்கு மேல் இருந்தால் அவர்களே இறக்கிவிடுவார்கள், நசுங்கிய ஸ்நேர்தான் மிஞ்சும். கவர் பாட்டு இருந்தால் படத்தோடு சேர்க்கப் பாடல் உரிமையாளரிடம் தனி அனுமதி தேவை. மேடையில் வாசிக்க வாங்கும் உரிமம் அதற்குச் செல்லாது.

கன்சோல் மூலை:

ஒன்று விட்டுப்போயிற்று. ஆடியன்ஸ் மைக், ஓவர்ஹெட் எல்லாம் கண்டென்சர் வகை மைக் என்றால் மிக்சரிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். மெயின் ம்யூட்டில் இருக்கும்போதே ஆன் செய்யுங்கள். பதிவு பட்டனை நிகழ்ச்சி தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே அழுத்திவிட்டு, 13 ட்ராக்கிலும் அலை ஓடுகிறதா என்று ஹெட்ஃபோனில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மீட்டர் ஆடுவதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், தவறான ரூட்டிங்கிலும் அது ஆடும்.