முதுகெலும்பில் பூஞ்சைத் தொற்று: பயாப்ஸி வரைக்கும், அதற்குப் பிறகும்

அப்பாவைப் பார்த்துக்கொண்ட மகள்:

அப்பாவுக்குக் குடலில் ஆபரேஷன் ஆகி ஐசியூவில் இருந்தபோது, கழுத்து நரம்பில் குழாய் போட்டு ஆன்டிபயாடிக் நிறைய ஏற்றினார்கள். சுகரும் உண்டு. வீடு திரும்பிச் சில மாதம் கழித்து இடுப்புக்கு மேலே வலி. காய்ச்சல் கிடையாது. படுத்தால் அடங்க வேண்டிய வலி ராத்திரியில்தான் ஏறியது. புரண்டு படுக்க முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். வெள்ளை அணுக்கள் சரியாக இருந்தன. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தச் சோதனைகள் மட்டும் கூடியிருந்தன. தேய்மானம் என்று சொல்லி வலி மாத்திரையிலேயே காலம் ஓடியது.

எம்ஆர்ஐயில் பக்கத்துப் பக்கத்து முள்ளெலும்புகள் இரண்டும், நடுவில் இருக்கும் டிஸ்க்கும் அரித்திருந்தன. டிபியாக இருக்கலாம் என்று ரிப்போர்ட். உடனே டிபி மாத்திரை தொடங்கலாம் என்றார் ஒருவர். தொற்றுநோய் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "படத்தை மட்டும் வெச்சு டிபியா, பாக்டீரியாவா, பூஞ்சையான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. எலும்புல துணுக்கு எடுத்து பயாப்ஸி பார்த்துடலாம்" என்றார். குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, சிடி ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முதுகு வழியாக எடுத்தார்கள். ஆய்வகத்தில் அதில் வளர்ந்தது கேண்டிடா என்ற பூஞ்சை. கழுத்துக் குழாய் வழியாக ரத்தத்தில் கலந்து எலும்பில் போய்த் தங்கியிருக்கலாம் என்றார்கள். விழித்திரையிலும் இறங்கியிருக்கக்கூடும் என்று கண் டாக்டரிடமும் அனுப்பினார்கள்.

முதல் இரண்டு வாரம் எக்கினோகேண்டின் வகைப் பூஞ்சை மருந்து நரம்பில், அப்புறம் தினமும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை 400 மில்லிகிராம். 6 முதல் 12 மாதம் வரை சாப்பிட வேண்டும். வலி விட்டதும் "இன்னும் எதுக்கும்மா இந்த மாத்திரை?" என்று ஆரம்பித்துவிட்டார். இறங்கியும் இறங்காமலும் இருந்த சிஆர்பியைக் காட்டித்தான் வாயை அடைத்தேன். கால் மரத்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்கள். நல்ல வேளை, அது வரை போகவில்லை.

ஆய்வகத்தில் வேலை செய்பவர்:

எங்களுக்கு எரிச்சல் வருவது எப்போது தெரியுமா? எடுத்த துணுக்கு மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பும்போது. அதில் விழுந்த கிருமி செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் எதுவும் வளராது. திசுப் பரிசோதனைக்கு மட்டும் ஒரு பங்கு ஃபார்மலினில் போகட்டும்; மீதி சலைனில் வரட்டும். படிவத்தில் பாக்டீரியா, டிபி, பூஞ்சை மூன்றும் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள், தப்பில்லை. கேண்டிடா சாதாரணக் கல்ச்சரிலேயே சில நாளில் தெரிந்துவிடும்; மெதுவாக வளரும் பூஞ்சைகளுக்காக நான்கு வாரம் வரைகூட வைத்துப் பார்ப்போம். எந்த இனம் என்பதும் தெரிய வேண்டும். கேண்டிடா குருசேயி ஃப்ளூகோனசோலுக்கு அசையவே அசையாது.

சிகிச்சையில் இருப்பவர்:

எனக்கு வந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை. பயாப்ஸி எடுக்காமலே டிபி மாத்திரை கொடுத்து, வலி கூடிக்கொண்டே போன பிறகுதான் துணுக்கு எடுத்தார்கள். அதற்குள் வேறொரு சிக்கல். டிபி மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின், இந்தப் பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மருந்தை ரத்தத்தில் நிற்கவே விடாது. நிறுத்திய பிறகும் அதன் வேகம் அடங்க இரண்டு வாரம் போல ஆகுமாம். அந்த இடைவெளிக்கு ஆம்போடெரிசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். உடம்பு தூக்கிப்போடும், பல் தந்தியடிக்கும். பொட்டாசியத்துக்கும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினுக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது வோரிகோனசோல். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ போட வேண்டும். போட்ட கொஞ்ச நேரத்தில் டியூப் லைட் கண்ணைக் கூசும், நிறமெல்லாம் மாறித் தெரியும், பிறகு தானாகச் சரியாகும். ராத்திரி வண்டி ஓட்டக் கூடாது. வெயில் பட்டால் தோல் சிவப்பதால் எப்போதும் முழுக்கைச் சட்டைதான். அடுத்த டோஸுக்கு முன்னால் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள். எனக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் கீழே இருந்ததால் டோஸைக் கூட்டினார்கள்.

அப்பாவைப் பற்றி எழுதிய சகோதரிக்கு ஒரு கேள்வி: மாத்திரை நிறுத்திய பிறகு சிஆர்பி எப்போதெல்லாம் பார்க்கச் சொன்னார்கள்? எம்ஆர்ஐ மறுபடி எடுத்தார்களா?