தாத்தாவின் சுரைக்குடுக்கை பைப் எந்த வருஷத்தது?

சாட்ஸ்வொர்த் பேரன்:
வணக்கம். போன மாதம் டோங்காட்டில் தாத்தா வீட்டைக் காலி செய்தபோது ஆயாவின் தகரப்பெட்டிக்குள் ஒரு பழைய சுங்கான், அதாவது புகை பிடிக்கிற பைப், கிடைத்தது. வளைந்த சுரைக்குடுக்கை, மேலே வெள்ளைக் கிண்ணம், வாயில் வைக்கிற துண்டு பச்சையும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கிறது. குடுக்கையும் அந்தத் துண்டும் சேருகிற இடத்தில் ஒரு வெள்ளி வளையம், அதில் பொடிப்பொடியாக முத்திரைகள். நங்கூரமும் நடக்கிற சிங்கமும் தெரிகின்றன, மற்றவை கறுத்துக் கிடக்கின்றன. தாத்தாவுக்கு அவருடைய அப்பா கொடுத்தது என்று ஆயா சொல்வார். வருஷம் கண்டுபிடிக்க முடியுமா? டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா? விற்கப் போவதில்லை.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
தம்பி, வளையத்தைத் தேய்க்கவே வேண்டாம், முத்திரை போய்விட்டால் வருஷமும் போய்விடும். நங்கூரம் என்றால் பர்மிங்காமில் சோதித்த வெள்ளி, சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்தம். பக்கத்தில் தனியாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், அதுதான் வருஷம். பர்மிங்காமில் 1900இல் சின்ன 'ஏ'யில் தொடங்கி 1924இல் 'இஸட்' வரை போனார்கள், நடுவில் 'ஜே' மட்டும் கிடையாது, எண்ணும்போது அங்கேதான் பலர் ஒரு வருஷம் தவறுவார்கள். அப்புறம் எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கட்டத்தையும் மாற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள், அதனால் எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே, கட்டத்தின் வடிவத்தையும் வரைந்து வை.

இந்தக் குடுக்கை நம் தென்னாப்பிரிக்கக் காய்தான். பிஞ்சிலேயே கழுத்தை வளைத்து முற்றவிடுவார்கள். 1899 முதல் 1902 வரை இங்கே நடந்த போயர் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் இதற்கு நல்ல மோகம். இங்கே விளைந்த காய் கப்பலேறிப் போய், வெள்ளி கட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது!

பீனிக்ஸ் அண்ணன்:
அக்கா சொன்னது சரி, ஆனால் அந்த எழுத்து வளையத்தின் வயதைத்தான் சொல்லும். உடைந்த பைப்புக்குப் பிற்பாடு வேறு வளையம் போடுவது சாதாரணம், அடியில் புதுப் பசை தெரிகிறதா என்று முதலில் பார். துண்டு பச்சையாகியிருந்தால் அது அம்பர் என்கிற கல்லான மரப்பிசின் இல்லை, எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்த ரப்பர், வெளிச்சம் பட்டால் அப்படித்தான் ஆகும். விரலால் சூடேறத் தேய்த்தால் கந்தக வாடை வரும்.

கிண்ணத்தை மெதுவாகத் திருகினால் கழன்று வரும், அடியில் தக்கை வளையம் இருக்கும். கிண்ணம் மீர்ஷாம் என்கிற மென்மையான வெள்ளைக் கல்லாகவும் இருக்கலாம், மலிவான பைப்பில் வெறும் சுண்ணச் சாந்தாகவும் இருக்கலாம். எதுவானாலும் தண்ணீர் காட்டாதே. என் முதல் மீர்ஷாமை நான் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன், காலையில் நகம் பட்ட இடமெல்லாம் பள்ளம். அந்த வடு இன்னும் என் மனசில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். கிண்ணத்தில் ஏறியிருக்கும் தேன் நிறத்தையும் சுரண்டாதே, அது புகைத்தவருடைய பல வருஷத்து உழைப்பு.

சாட்ஸ்வொர்த் பேரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. நேற்று ராத்திரி பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தேன். சின்ன 'ஜி', 1906! பசையும் இல்லை. கிண்ணத்தைக் கழற்றியதும் புகையிலை வாசனை குப்பென்று வந்தது, அம்மா வாங்கி முகர்ந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்படியே துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.