ராத்திரி ரெண்டு மணி: முதுகுத்தண்டு அடிபட்டவங்களைப் பார்த்துக்கிறவங்க அனுபவம்

பண்ருட்டிப் பக்கம்:
எங்க வீட்டுக்காரர் பலா மரத்துல காய் இறக்கும்போது விழுந்தவர். நடு முதுகுல அடி. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. மூணு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பும்போது சொன்னது ஒண்ணுதான்: ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் போடுங்க, இல்லன்னா படுக்கைப் புண் வந்துடும். பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலு. இப்பல்லாம் அலாரமே வேணாம். போன மாசம் கொழுந்தனாரைப் பார்த்துக்கச் சொல்லிட்டு அம்மா வீட்டுல ஒரு ராத்திரி தங்கினேன். ரெண்டு மணிக்கு எழுந்து பாயில துழாவுறேன். அம்மா அழுதுட்டாங்க.

ஒருநாள் விட்டு ஒருநாள் மலம் எடுத்து விடணும். கல்யாணப் பத்திரிகை வந்தா, அது எந்த நாள்ல விழுதுன்னுதான் முதல்ல காலண்டரைப் பார்க்கிறேன். அவர் 70 கிலோ. எனக்கு இடுப்பு வலின்னு டாக்டர்கிட்ட போனா, 'வெயிட் தூக்காதீங்கம்மா'ங்கிறார்! உதவித்தொகை மாசம் 2,000 ரூபாய், மூத்திர டியூப்புக்கும் டயபருக்குமே போயிடும். ஒருதடவை கோபத்துல, 'நீ அன்னைக்கே...'ன்னு ஆரம்பிச்சு வாயை மூடிக்கிட்டேன். அவருக்குப் புரிஞ்சிடுச்சு.

அரியாங்குப்பம்:
அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மாமாவுக்குக் கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? எங்க அண்ணனுக்கும் அதே இடத்துலதான் அடி. ஒன்றரை வருஷம் நானும் அம்மாவும் புரட்டினோம். வேலூர் பாகாயத்துல சி.எம்.சி. மறுவாழ்வு நிலையத்துக்குப் போனப்பதான் தெரிஞ்சுது, கட்டில்ல கட்டுன கயிறைப் பிடிச்சு அவனே புரளலாம், அவனே டியூப் போட்டு மூத்திரம் எடுத்துக்கலாம், கை ஊன்றி எம்பி வீல்சேருக்கு மாறலாம்னு. 1966ல அது வரக் காரணமா இருந்த டாக்டர் மேரி வர்கீஸே கார் விபத்துல கால் விளங்காமப் போயி, வீல்சேர்ல உட்கார்ந்தபடி ஆபரேஷன் பண்ணவங்களாம். சந்தோஷப்படணும், எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அந்த ஒன்றரை வருஷத்துல என் வேலையும் போச்சு, அம்மா இடுப்பும் போச்சு. உங்களுக்குக் கிட்டத்துல பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியிலயும் மறுவாழ்வுப் பிரிவு இருக்கு, கேளுங்க.

கடலூர் முதுநகர்:
தம்பி சொல்றது கழுத்துல அடிபட்டவங்க எல்லாருக்கும் ஆகாது. என் பையனுக்குக் கையும் சரியா வராது. ஃபெஞ்சல் புயலன்னிக்கு, 2024 நவம்பர் 30, கரன்ட் போயி ஏர் பெட்ல காத்து இறங்கிடுச்சு. நடு ராத்திரி அவனுக்குத் தலை வெடிக்கிற வலி, முகமெல்லாம் வேர்வை. நான் பயத்துல படுக்க வெச்சுத் தலையைத் தடவுறேன். தப்பு. உடனே நிமிர்த்தி உட்கார வெச்சு, மூத்திரக் குழாய் மடங்கியிருக்கான்னு பார்க்கணும், மூத்திரம் அடைச்சுக்கிட்டா பி.பி. எக்கச்சக்கமா ஏறியிருக்கும். குழாய் தொடைக்கடியில மாட்டியிருந்துச்சு. எடுத்து விட்டதும் பை நிறைஞ்சு, வலியும் இறங்குச்சு. அடங்கலன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். இதை எனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

பண்ருட்டிப் பக்கம்:
தம்பி, படிச்சதும் சுருக்குன்னு இருந்துச்சு, மூணு வருஷம் நான் பண்ணதெல்லாம் வீணான்னு. அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். 'கயிறு வாங்கிட்டு வா'ன்னார். மாட்டுக் கயிறு ஆகுமா?

அரியாங்குப்பம்:
வேணாம்க்கா, கையை அறுத்துடும். பழைய வேட்டியை முறுக்கிக் கட்டுங்க.