வங்கிக் கடன் உள்ள வீட்டைப் போக்கியத்துக்கு விடலாமா?

செம்மண்டலத்தான்:
கடலூர் செம்மண்டலத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன் வங்கிக் கடனில் வீடு கட்டினேன். மாதத் தவணை 19,400 ரூபாய். இப்போது கோயம்புத்தூருக்கு மாற்றல். வீட்டைப் பூட்டிப்போட மனம் வரவில்லை. நம் ஊரில் ஒரு மழைக்காலம் பூட்டிக் கிடந்தால் சுவரெல்லாம் பூத்துவிடும். இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர் மாதம் 11,000 வாடகை, 30,000 முன்பணம் தருகிறார். இன்னொருவர் ஏழு லட்சம் மொத்தமாகத் தருகிறேன், மூன்று ஆண்டு போக்கியம் என்கிறார்; அதாவது வாடகை இல்லாமல் குடியிருந்து, முடிவில் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார். அதை அப்படியே கடனில் கட்டிவிடலாமே என்று சபலம் தட்டுகிறது. வங்கியிடம் சொல்ல வேண்டுமா? தவணை ஒழுங்காகக் கட்டினால் அவர்களுக்கு என்ன?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
தம்பி, கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். கையெழுத்துப் போடும்போது யாரும் படிக்காத நடுப்பக்கங்களில், எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு அடமான வீட்டை வாடகைக்கு விட இடம் தருகிறது. ஆனால் ஒப்பந்தம் தடுத்தால் ஒப்பந்தமே செல்லும். தடுக்காவிட்டாலும் வாடகையை முன்கூட்டி வாங்கக் கூடாது, கட்டடத்துக்கு மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. போக்கியப் பத்திரமோ சுவாதீன அடமானம், அதாவது வீட்டை அவர் அனுபவத்தில் ஒப்படைத்து வைக்கும் அடகு. ஏற்கெனவே வங்கியிடம் அடகில் இருக்கும் வீட்டை இன்னொருவருக்கும் அடகு வைக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
சட்டம் கிடக்கட்டும், கணக்கே உதைக்கிறது. 8.5 சதவீத வட்டி என்று வைத்தால் ஏழு லட்சம் கட்டுவதால் ஆண்டுக்கு மிச்சம் 59,500; மாதம் ஐந்தாயிரம்கூட இல்லை. வாடகை 11,000! மூன்றாம் ஆண்டு முடிவில் ஏழு லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? வாடகை வருமானத்தில் 30 சதவீதம் கழித்துத்தான் வரி. கடன் வட்டியும் கழியும்.

முத்தியால்பேட்டைக்காரி:
அண்ணா, புதுச்சேரியில் நான் அந்தப் பக்கம் இருந்தவள். போக்கியத்துக்குப் போய் எட்டாம் மாதம், பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் பசைகூடக் காயாமல் வங்கியின் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் கடனைக் கட்டவில்லை என்று, வங்கிகள் அடமானச் சொத்தை எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வீட்டைக் கைப்பற்றப் போகிறார்களாம். வீட்டுக்காரர் அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை. பத்திரம் எழுதும் முன், சொத்தின் மேல் பதிவான அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காதது என் தவறு. அந்தப் பணத்தில் பாதி என் நகை.

செம்மண்டலத்தான்:
நேற்றுக் கிளைக்குப் போனேன். மேலாளர் கேட்ட முதல் கேள்வியே, "வாடகையா, போக்கியமா?" என்பதுதான். வாடகை என்றதும் ஒரு விண்ணப்பமும் ஒப்பந்த நகலும் கேட்டார்; நான்கு நாளில் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
நல்லது. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள்.

செம்மண்டலத்தான்:
சரி ஐயா. ஏழு லட்சக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு தெரு தள்ளி வேறு வீடு பார்த்துவிட்டாராம். அதற்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள் என்று சொல்லி வைத்தேன்.