ப்ரீஎம்ப்ஷன்: ‘முறைபறிப்பு’ சரிவருமா?

எந்த நிரல் எப்போது சிபியுவில் ஓட வேண்டும் என்று இயங்குதளம் முடிவு செய்வது ஷெட்யூலிங். ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடமிருந்து சிபியுவைப் பிடுங்கி வேறொன்றுக்குக் கொடுப்பது ப்ரீஎம்ப்ஷன். இவற்றுக்கு ‘முறைவைப்பு’, ‘முறைபறிப்பு’ என்று நான் சொன்னதற்குத் தக்கலை ஐயா ஒருவர் எழுதியது:

> ‘முறைவைப்பு’ சரி. பேச்சிப்பாறைத் தண்ணீரை முறை வைத்து விடுவதைப் பார்த்த நம் மாவட்டத்துக்காரருக்கு ஷெட்யூலிங் உடனே விளங்கிவிடும். ஆனால் ‘முறைபறிப்பு’ வழிப்பறி மாதிரி ஒலிக்கிறதே, தம்பி. ‘இடைநிறுத்தம்’ போதாதா?

வணக்கம் ஐயா.

போதாது என்றே நினைக்கிறேன். கன்ட்ரோல்-இசட் அழுத்தி ஒரு நிரலை நிறுத்தி வைக்கிறோமே, அதுதான் இடைநிறுத்தம். மறுபடி ஓடச் சொல்லும்வரை அது ஓடாது. ப்ரீஎம்ப்ஷனில் அப்படி இல்லை. செயல்முறை (ப்ராசஸ், அதாவது ஓடும் நிரல்) ஓடத் தயாராகவே இருக்கிறது, சிபியு மட்டும் கைவிட்டுப் போகிறது. உடனே, சிபியுவுக்குக் காத்திருப்பவற்றின் தயார்வரிசையில் போய் நின்றுகொள்ளும்.

விருப்பம் இல்லாமல் நடப்பது என்பதும் சொல்லில் தெரிய வேண்டும். வட்டிலிருந்து தரவு வரக் காத்திருக்கும் செயல்முறை தானாகவே சிபியுவை விட்டுக்கொடுக்கிறது. லினக்ஸ் இந்த இரண்டையும் தனித்தனியாக எண்ணி வைக்கிறது. செயல்முறைகளின் விவரங்களைக் காட்டும் ப்ராக் கோப்பகத்தில் அந்தந்தச் செயல்முறையின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தால் கடைசியில் வாலன்டரி, நான்வாலன்டரி என்று இரு வரிகள் இருக்கும். என் ஆய்வேட்டின் அட்டவணைகள் பாதி அந்த இரு வரிகளை நம்பித்தான் நிற்கின்றன! முதலாவதற்கு ‘முறைவிடுப்பு’, இரண்டாவதற்கு ‘முறைபறிப்பு’ என்றால் இணையாக அமைகிறது.

விண்டோஸ் 3.1 காலத்தில் நிரல்கள் தாமாக விட்டால்தான் உண்டு. ஒன்று விடாப்பிடியாக நின்றால் மற்றதெல்லாம் உறைந்துவிடும். பறிக்க ஆளில்லாததால் வந்த வினை அது. 2023இல் லினக்ஸ் 6.6இல் வந்த ஈஈவிடிஎஃப் என்ற முறைவைப்பு வழிமுறையில், குறுகிய நேரத்துண்டு கேட்கும் செயல்முறைக்குக் கெடு சீக்கிரம் வரும். அதனால் நீண்ட துண்டோடு ஓடிக்கொண்டிருப்பதை அது விலக்கிவிட முடியும். இதைப் பறிப்பு என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

‘முன்னுரிமைப் பறிப்பு’ என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அது தவறான பொருள் தரும். முன்னுரிமையைக் குறிக்கும் நைஸ் மதிப்பு அப்படியேதான் இருக்கிறது, போவது முறைதான்.

> தக்கலையிலிருந்து மறுபடியும். விடுப்பு, பறிப்பு இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு சிக்கல்: ‘செயல்முறை முறைவைப்பு’ என்று தலைப்புப் போட்டால் நாக்கு தடுக்குகிறது.

அது உண்மைதான், ஐயா. லினக்ஸ் மூலநிரலில் ஷெட்யூலர் கையாள்வது டாஸ்க் என்ற பெயரில்தான் இருக்கிறது. ஆகவே அந்த அத்தியாயத்தில் மட்டும் ‘பணி’ என்று எழுதிவிடுகிறேன்: பணி முறைவைப்பு. நான்-ப்ரீஎம்ப்டிவ் என்பதற்கு ‘முறைபறிக்காத’ போதும், ‘முறைபறிப்பற்ற தன்மையுடைய’ என்றெல்லாம் நீட்ட வேண்டாம். மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாமா?