3 வெற்றி, 9 தோல்வி: 2008 மிச்சிகனில் பிழை எங்கே?

நாலாம்டவுன்

2008 மிச்சிகன் பேச்சு வந்தாலே "ஆள் இல்லை, பயிற்சியாளர் என்ன செய்வார்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் மிச்சிகன் பெரிய பெயர் எடுத்த அணி. லாயிட் கார் ஓய்வு பெற்றதும் வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து ரிச் ராட்ரிகஸ் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். முதல் வருடம் 12 ஆட்டத்தில் 3 வெற்றி. வெற்றியைவிடத் தோல்வி அதிகமான சீசன் 1967-க்குப் பிறகு அதுதான். 1975-லிருந்து 33 வருடம் விடாமல் பௌல் ஆட்டத்துக்கு (சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் ஆட்டம்) போன அணி வீட்டில் உட்கார்ந்தது. ஒரே சீசனில் 9 தோல்வி அதற்கு முன் அந்த அணிக்கு நேர்ந்ததே இல்லை.

முந்தைய வருடம் இதே கல்லூரி 9-4 (9 வெற்றி, 4 தோல்வி). ஃப்ளோரிடாவை 41-35 என்று அடித்து முடித்த அணி. அந்த அணியின் ஆட்களுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு, ஆட்களை அகலமாகப் பரப்பி நிறுத்தும் தன் ஸ்ப்ரெட் ஆட்டத்தை முதல் நாளிலிருந்தே திணித்தார் ராட்ரிகஸ். டோலிடோவிடம் 13-10 என்று சொந்த மைதானத்தில் தோற்றார்கள். டோலிடோ ஆடும் சிறிய குழுவான மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸின் அணி எதனிடமும் மிச்சிகன் அதுவரை தோற்றதில்லை. இதற்குப் பயிற்சியாளர் பொறுப்பில்லை என்றால் வேறு யார் பொறுப்பு?

செந்தில்_ஸ்ப்ரெட்

9-4 அணி, 9-4 அணின்னு சொல்றீங்களே, அந்த அணியில யார் மிச்சம் இருந்தாங்கன்னு பாருங்க. நாலு வருஷம் குவார்ட்டர்பேக்கா (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தறவர்) நின்ன சாட் ஹென்னி போயிட்டார். மிச்சிகன் சரித்திரத்துலயே அதிக யார்டு ஓடிய மைக் ஹார்ட் போயிட்டார். தொழில்முறை லீகான என்எஃப்எல் தேர்வுல முதல் ஆளா எடுக்கப்பட்ட ஜேக் லாங் போயிட்டார். பந்து பிடிக்கற மேனிங்ஹாம், ஆரிங்டன் ரெண்டு பேரும் கல்லூரியில ஆடற வருஷம் மிச்சம் இருக்கும்போதே கிளம்பிட்டாங்க. ஹென்னிக்கு அடுத்து நிக்க வேண்டிய ரயன் மாலெட் ஆர்கன்சாவுக்கு மாறினார். முன்னால நின்னு தடுக்கற லைன்ல (ஓ-லைன்) இருந்த ஜஸ்டின் போரன் போனது பரம எதிரி ஒஹாயோ ஸ்டேட்டுக்கே! முந்தின வருஷ ஓ-லைன்ல ஸ்டீவ் ஷில்லிங் ஒருத்தர்தான் திரும்பி வந்தார்.

ராட்ரிகஸ் பதவிக்கு வந்தது 2007 டிசம்பர் நடுவுல. புது மாணவர்கள் கையெழுத்துப் போடற நாள் பிப்ரவரி முதல் வாரம். ஏழு வாரத்துல எந்தக் குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவர முடியும்? டெரெல் பிரையரை விடாமத் துரத்தினாங்க, அவரும் மார்ச்சுல ஒஹாயோ ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்துட்டார். கடைசியில கையில இருந்தது ஜார்ஜியா டெக்ல இருந்து வந்த ஸ்டீவன் த்ரெட், உதவித்தொகை இல்லாம அணியில சேர்ந்த நிக் ஷெரிடன், இவங்க ரெண்டு பேர்தான். இன்னைக்கு மாதிரி மாறின அன்னைக்கே ஆடற வசதி அப்போ கிடையாது, மாறினா ஒரு வருஷம் வெளியே உட்காரணும். 2024-ல பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி தன் பழைய கல்லூரி ஆட்களைக் கையோட கூட்டிட்டு வந்து இண்டியானாவை முதல் வருஷமே 11-2 ஆக்கினாரே, அந்த வழி 2008-ல அடைச்சிருந்தது.

கோட்டுக்காவல்

ரெண்டு பேரும் ஆட்களின் பெயரிலேயே நிற்கிறீர்கள். களத்தில் எது உடைந்தது என்று பார்க்க வேண்டும்.

ராட்ரிகஸின் மூல ஆட்டம் ஸோன் ரீட். சாதாரண ஓட்ட ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தை, அதை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கிடம் கொடுத்தபின் வேடிக்கை பார்க்கிறார். பந்து வைத்திருப்பவரும் அவரும் கழிந்தால் மீதி 9 பேர்தான் தடுக்க இருக்கிறார்கள், எதிரில் 11 பேர். ஸோன் ரீட் இந்தக் கணக்கைச் சரிசெய்ய வந்தது. ஓ-லைன் முழுக்க ஒரே திசையில் நகர்ந்து தடுக்கும். லைன் நகரும் திசைக்கு மறுபக்கம், எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை மட்டும் வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடியே அந்த எண்டின் தோளைப் பார்ப்பார். தோள் உள்ளே திரும்பி ரன்னிங் பேக்கைத் துரத்தினால் பந்தை உருவிக்கொண்டு, அவர் காலிசெய்த இடம் வழியாகத் தானே ஓடுவார். எண்ட் நின்ற இடத்திலேயே நின்றால் பந்தை விட்டுவிடுவார். தடுக்காமலேயே ஒரு ஆள் கணக்கில் கழிந்துவிடுகிறார்.

இது முழுக்கக் குவார்ட்டர்பேக்கின் கால் மீது எதிராளிக்கு இருக்கும் பயத்தில் நிற்கிறது. பயம் இல்லையென்றால் எண்ட் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் (பந்து ஆட்டத்துக்குள் வரும்போது) யோசிக்காமல் உள்ளே பாய்வார். விவரமான டிஃபென்ஸ் (தடுக்கும் அணி) இன்னொன்றும் செய்யும்: எண்ட் உள்ளே பாயும்போதே, முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஒருவர் அவருக்குப் பின்னால் சுற்றி வெளியே வந்து நிற்பார். குவார்ட்டர்பேக் எண்டைப் பார்த்து "உருவலாம்" என்று முடிவெடுத்து ஓடினால் நேராக லைன்பேக்கர் கையில் விழுவார். அதைத் தாண்ட வேகம் வேண்டும். த்ரெட் மெதுவாக ஓடுபவர், உயரமானவர், நின்று எறிபவர்.

ஆக, தடுக்காமல் விட்ட ஆள் உண்மையிலேயே தடுக்காமல் விட்ட ஆளாகிவிட்டார். முதல் வருடம் ஆடும் டேவிட் மோல்க் லைனின் நடுவில், சென்டரில். ஸோனில் இரண்டு லைன்மேன் சேர்ந்து எதிரணி முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஒரு டேக்கிளை நகர்த்தி, சரியான நொடியில் ஒருவர் பிரிந்து லைன்பேக்கரிடம் ஏற வேண்டும். அந்த நொடி பக்கத்து ஆளோடு நெடுநாள் பழகித்தான் கைவரும். அரை நொடி முன்னால் ஏறினால் டேக்கிள் உள்ளே புகுந்துவிடுவார், அரை நொடி தாமதித்தால் லைன்பேக்கர் வந்து ஓட்டையை அடைத்துவிடுவார்.

நாலாம்டவுன்

அருமையான விளக்கம், ஆனால் என் வாதத்தைத்தான் அது பலப்படுத்துகிறது. குவார்ட்டர்பேக்கால் ஓட முடியாது என்று ஆகஸ்டிலேயே தெரிந்தபின் ஏன் அதே ஆட்டம்? மாற்று இருக்கிறது. ஒரு டைட் எண்டை (லைன் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) லைனுக்குப் பின்னால் குறுக்கே ஓடவிட்டு, அந்தத் தடுக்காத எண்டை இடிக்கச் செய்யலாம். லைன் செய்யும் வேலை மாறாது, குவார்ட்டர்பேக் யாரையும் பார்க்கத் தேவையில்லை.

இன்னொரு உதாரணம். அதே 2008, அதே முதல் வருடம், பால் ஜான்சன் ஜார்ஜியா டெக்கில் டிரிபிள் ஆப்ஷனை (மூன்று பேரில் யார் பந்தோடு ஓடுவது என்பதைக் குவார்ட்டர்பேக் ஓட்டத்திலேயே முடிவெடுக்கும் ஆட்டம்) கொண்டுவந்தார். ராட்ரிகஸ் செய்ததைவிடப் பெரிய மாற்றம் அது. முந்தைய பயிற்சியாளர் சான் கெய்லி விட்டுப்போன ஆட்களை வைத்து 9-4, ஜார்ஜியாவை 45-42 என்று அடித்தார். "புது ஆட்டம் என்றால் முதல் வருடம் தோற்கத்தான் வேண்டும்" என்பதற்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டுமா?

செந்தில்_ஸ்ப்ரெட்

ஜார்ஜியா டெக்ல கெய்லி விட்டுட்டுப் போனது யாரை? ஓடத் தெரிஞ்ச ஜோஷ் நெஸ்பிட், ரன்னிங் பேக் ஜொனதன் ட்வையர். ஆப்ஷனுக்கு வேண்டிய ரெண்டு பேரும் அங்கேயே இருந்தாங்க. அங்கே எடுபடாமத்தான் த்ரெட் கிளம்பி வந்தார்னு நான் சொல்லல, ஆனா நின்னு எறியறவர் கிளம்பி, ஓடறவர் அங்கே தங்கினதுதான் ரெண்டு அணிக்கும் நடந்தது.

டைட் எண்ட் யோசனைக்கும் பதில் இருக்கு. அகலமா நின்ன ஒருத்தரை உள்ளே கூட்டிட்டு வந்தா அவர் கூடவே எதிர் ஆள் ஒருத்தரும் உள்ளே வருவார். கணக்கு பழைய இடத்துக்கே போகும்.

விஸ்கான்சின் ஆட்டத்தைப் பாருங்க. பாதி ஆட்டத்துல 19-0ன்னு பின்தங்கி, 27-25ன்னு ஜெயிச்சாங்க. மிச்சிகன் மைதானத்துல அவ்வளவு பின்னாடி இருந்து அவங்க எழுந்து வந்ததே இல்லை. அதுல த்ரெட் பந்தை உருவி 58 யார்டு ஓடினார். யாரும் அவரைக் கவனிக்கலைங்கறதாலயே திறந்த வழி அது. ஆட்டத்தோட தர்க்கம் சரிதான்.

நாலாம்டவுன்

அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளையும் சொல்லுங்கள். விஸ்கான்சின் பந்தை எல்லைக்குள் கொண்டுபோய் டச்டவுன் போட்டு, சமன் செய்ய 2 புள்ளி முயற்சிக்குப் போனது. டிராவிஸ் பெக்கம் பந்தைப் பிடித்தே விட்டார். ஆனால் அவருக்கு வெளியே நின்ற ரிசீவரும் (பந்து பிடிப்பவர்) ஆட்டம் தொடங்கும் கோட்டிலேயே நின்றிருந்தார். கோட்டில் நிற்பவர்களில் இரு முனையில் இருப்பவர்தான் பந்து பிடிக்கலாம், உள்ளே மறைந்துபோன பெக்கம் பிடிக்கக் கூடாது. நடுவரின் கொடி விழுந்தது, மறு முயற்சி தோற்றது. எதிராளி ஒரு அடி பின்னால் நிற்காததால் கிடைத்த வெற்றி. அதைக் கழித்தால் 2-10 ஆகியிருக்கலாம்.

கவிதா_ஆர்

இவ்வளவு பேசியும் ஒருவர்கூட டிஃபென்ஸைத் தொடவில்லை. 12 ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தது 347 புள்ளி, ஆட்டத்துக்கு 28.9. போட்டது 243. ஓட முடியாத குவார்ட்டர்பேக் 243-ஐ விளக்குவார், 347-ஐ விளக்கமாட்டார்.

அந்தப் பக்கம் ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. முன்வரிசையில் பிராண்டன் கிரகாம், டெரன்ஸ் டெய்லர், டிம் ஜேமிசன், வில் ஜான்சன், நால்வரும் அனுபவசாலிகள். பின்வரிசையின் ஓரத்தில், கார்னரில், மார்கன் டிரென்ட், டோனவன் வாரன். அணியிலேயே முதிர்ந்த பகுதி இதுதான்.

செய்தது என்ன? டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் (அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளர்) ஸ்காட் ஷேஃபர் நாலு பேர் முன்வரிசை ஆள். சீசன் நடுவில் பர்டூ ஆட்டத்துக்கு 3-3-5-க்கு மாற்றினார்கள்: முன்வரிசை 3, லைன்பேக்கர் 3, பின்வரிசை 5. வெஸ்ட் வர்ஜீனியாவில் ராட்ரிகஸுக்குப் பழகிய அமைப்பு. அதில் முன்னால் நிற்கும் மூவரும் இரட்டைத் தடுப்பைத் தாங்கி நின்றால்தான் பின்னால் இருப்பவர்கள் வெவ்வேறு இடத்திலிருந்து பாய முடியும். லைன்பேக்கர் ஒவ்வொருவரும் தன் இடைவெளியைப் பார்க்காமலே அறிந்திருக்க வேண்டும். ஒருவர் தப்பினால் பின்னால் 20 யார்டு காலி. வருடக்கணக்கில் கற்பிப்பதை ஒரு வாரத்தில் கற்பித்தார்கள். அதைவிட மோசம், அணியின் பலமான நாலு பேரில் ஒருவரை வெளியே எடுத்து, பலவீனமான வரிசையிலிருந்து ஒருவரை உள்ளே விட்டார்கள்.

அந்த நாளில் பர்டூவுக்கு ஜஸ்டின் சில்லர் என்ற முதல்முறை குவார்ட்டர்பேக். முடிவு 48-42 தோல்வி. கடைசி டச்டவுன், பந்தைப் பிடித்த ரிசீவர் பக்கத்தில் ஓடி வருபவரிடம் தள்ளிவிடும் பழைய தந்திரம். மிச்சிகன் 42 போட்ட நாளில் தோற்றது, கவனியுங்கள். சீசன் முடிந்ததும் ஷேஃபர் விலகினார்.

வெஸ்ட் வர்ஜீனியாவில் இந்த அமைப்பை நடத்தியவர் ஜெஃப் காஸ்டீல். அவர் மிச்சிகனுக்கு வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். ஆட்டத்தைக் கொண்டுவந்தார், ஆசிரியரைக் கொண்டுவரவில்லை. என் பார்வையில் 2008-ன் பெரிய பிழை இது ஒன்றுதான்.

கோட்டுக்காவல்

கவிதா மேடம், ஒன்று சேர்க்கிறேன். 347 முழுவதும் டிஃபென்ஸ் கணக்கு அல்ல. ராட்ரிகஸின் ஆட்டத்தில் கூட்டம் கூடிப் பேசுவது கிடையாது, ஸ்னாப்புக்கு ஸ்னாப் வேகமாகப் போவார்கள். 10 யார்டு கடந்து முதல் டவுன் கிடைத்துக்கொண்டே இருந்தால் அது எதிராளியை மூச்சுவாங்க வைக்கும். மூன்று ஸ்னாப்பில் பந்தை எதிராளியிடம் உதைத்துவிட்டு வந்தால் தலைகீழ். உங்கள் டிஃபென்ஸ் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திரும்ப உள்ளே போக வேண்டும். மூன்றாம், நான்காம் குவார்ட்டரில் கால் கனத்துவிடும், ஆளைப் பிடிக்கக் கை நீளும், கால் போகாது. பென் ஸ்டேட்டில் 17-7 என்று முன்னிலையில் இருந்தவர்கள் 46-17 என்று தோற்றது எப்படி? அடுத்தடுத்து 39 புள்ளி, பதிலுக்கு ஒன்றுகூட இல்லை. டோலிடோ ஆட்டத்தில் மிச்சிகன் எறிந்த பந்தை இடையில் பிடித்து (இண்டர்செப்ஷன்) 100 யார்டு திருப்பி ஓடினார்களே, அந்த 7 புள்ளியில் டிஃபென்ஸுக்குப் பங்கே இல்லை. கடைசியில் மிச்சிகன் உதைத்த 26 யார்டு ஃபீல்டு கோல் (3 புள்ளி) உள்ளே போயிருந்தால் ஆட்டம் நீண்டிருக்கும்.

கவிதா_ஆர்

நியாயம்தான். ஆனால் அதே டோலிடோ ஆட்டத்தில் நிக் மூர் என்ற ஒரே ரிசீவர் 20 பந்து பிடித்தார். களைப்பு மட்டும் காரணமென்றால் அதை எப்படி விளக்குவீர்கள்? ஒரே ஆள், ஒரே மாதிரிக் குறும்பாதைகள், ஆட்டம் முழுக்க யாரும் அவரை நெருங்கி நிற்கவில்லை.

அடுத்த இரண்டு வருடத்தையும் பாருங்கள். 2010-ல் டெனார்ட் ராபின்சன் 1,702 யார்டு ஓடினார். செந்தில் கேட்ட குவார்ட்டர்பேக் வந்துவிட்டார். ஆட்டத்துக்கு 32.8 புள்ளி போட்டார்கள். விட்டுக்கொடுத்ததோ 35.2. முடிவு 7-6, கடைசி ஆட்டம் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 52-14 தோல்வி, ராட்ரிகஸின் வேலை போனது. 2011-ல் பிரேடி ஹோக் வந்து கிரெக் மேட்டிசனை டிஃபென்ஸுக்கு வைத்தார். பெரும்பாலும் அதே ஆட்கள், விட்டுக்கொடுத்தது ஆட்டத்துக்கு 17.4 புள்ளி. 11-2.

நாலாம்டவுன்

17.4 என்னைச் சற்று நிறுத்துகிறது. ஸ்ப்ரெட்டைத் திணித்ததுதான் பிழை என்று தொடங்கினேன். திணித்தது ஒன்றல்ல, இரண்டு என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் பொறுப்பு அவருடையதுதான், அதில் மாற்றமில்லை. கோஆர்டினேட்டரை வேலைக்கு எடுத்ததும் அவர், அவருக்குப் பழகாத அமைப்பைக் கையில் கொடுத்ததும் அவர்.

செந்தில்_ஸ்ப்ரெட்

ராட்ரிகஸுக்கு வெஸ்ட் வர்ஜீனியாவுலயும் முதல் வருஷம், 2001-ல, 3-8தான். அடுத்த வருஷம் 9-4. அங்கே பொறுத்தாங்க. இங்கேயும் 3, 5, 7ன்னு வெற்றி ஏறிக்கிட்டுத்தான் இருந்தது.

காஸ்டீல் இருந்தா எல்லாம் சரியாயிருக்கும்னு கவிதா நம்பறதை மட்டும் ஏத்துக்க முடியல. 2012-ல ராட்ரிகஸ் அரிசோனா போனப்ப காஸ்டீலும் கூட வந்தார். அந்த வருஷம் ஆரிகன்கிட்ட 49-0, யூசிஎல்ஏகிட்ட 66-10ன்னு தோத்தாங்க. அப்படியும் 4-8ல இருந்த அணி 8-5 ஆச்சு. ஏன்னா ஓடவும் எறியவும் தெரிஞ்ச மேட் ஸ்காட் முந்தின பயிற்சியாளர் விட்டுட்டுப் போன ஆளா அங்கே காத்திருந்தார்.