வலி சமாளிப்புக் கேள்வித்தாள்: ஒரு பிரிவு மட்டும் ஒட்டவே மாட்டேங்குது, உதவுங்க

வணக்கங்க. கோவையில் பிசியோதெரபி முதுகலை படிக்கிறேன். 1983இல் ரோசன்ஸ்டீலும் கீஃபும் வெளியிட்ட கேள்வித்தாளை அனுமதி வாங்கித் தமிழாக்கி, சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களில் மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பு வலியோடு இருக்கும் 60 பேரிடம் நேரில் வாசித்துக் கேட்டேன். 0 என்றால் ஒருபோதும் இல்லை, 6 என்றால் எப்போதும். மற்ற பிரிவுகள் பரவாயில்லை. வலியைப் புறக்கணிக்கும் பிரிவில் மட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.4ஐக்கூடத் தொடவில்லை, இரண்டு கேள்விகள் மற்றவற்றோடு மைனஸில் போகின்றன. மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் ஆல்ஃபா ஏறுகிறது. எடுத்துவிடலாமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. அந்த ரெண்டும் 'மாட்டேன்' என்று முடிகிறதா?

கேட்டவர்: ஆமாங்க! 'வலியைக் கண்டுகொள்ள மாட்டேன்', 'வலியைப் பற்றி நினைக்க மாட்டேன்'. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

பதில் 1: நாங்களும் பட்டதுதான். பவானியில் ஜமக்காளம் நெய்கிற ஓர் அம்மாவிடம் இதே மாதிரி கேட்டோம். தறிக்குழியில் கால் வைத்தபடியே, "ஒருக்காலும் கண்டுக்க மாட்டனுங்க, கண்டுக்கிட்டு உக்காந்தா பாவு நூலை யாரு முடிக்கறது?" என்றார். கூட வந்த தம்பி 'ஒருக்காலும்' என்று காதில் விழுந்ததுமே 0 போட்டுவிட்டான். அவருக்கு வரவேண்டியது 6. நம் பேச்சில் 'ஒருபோதும்' வந்தாலே பின்னால் 'மாட்டேன்' வந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் எதிர்மறைக் கேள்வியில் அளவுகோல் தலைகீழாகிவிடுகிறது. ஆங்கிலத்துக்குத் திருப்பும்போது இது சிக்கவே சிக்காது, ஏனென்றால் மொழிபெயர்ப்பில் தப்பில்லை. 'வலி இருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்' என்பது மாதிரி மாற்றி, ஏழெட்டுப் பேரிடம் 'இதை என்னவென்று புரிந்துகொண்டீர்கள்' என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்க. பழைய விடைகளை ஊகித்துத் திருத்த வேண்டாம்.

பதில் 2: மேலே சொன்னது சரி. ஒன்று மட்டும்: ஆல்ஃபா ஏறினால் கேள்விகள் ஒன்றோடொன்று சேருகின்றன, அவ்வளவுதான். சமாளிப்பைத்தான் அளக்கிறதா என்பது வேறு சங்கதி. அதற்கு வலியைப் பெரிதாக்கிப் பயப்படுவதை அளக்கும் 13 கேள்வி அளவுகோலை (1995இல் வந்தது) கூடவே கேளுங்க, விடை மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க இரண்டு வாரம் கழித்துக் கொஞ்சம் பேரிடம் மறுபடியும் கேளுங்க. 60 பேரை வைத்துக் காரணிப் பகுப்பாய்வில் (கேள்விகள் எந்தெந்தக் குழுக்களாகச் சேருகின்றன என்று பார்க்கும் கணக்கு) மட்டும் இறங்கிவிடாதீங்க, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பிய்த்துவிடுவார்கள்.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க. ஏழு பேர் பேசியதைப் போனில் பதிந்து வைத்திருந்தேன், இப்போதுதான் கேட்டேன். நான்கு பேர் 'எப்பவுமே மாட்டேன்' என்கிறார்கள், நானே 0 போட்டிருக்கிறேன். கைடிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.